வாடகை வீட்டில் சொந்தமாக ஒரு பூட்டு

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது, கதவை மாற்ற முடியாது. நாலைந்து பேர் இருக்கும் வீடென்றால் தனியாக உட்கார ஒரு மூலைகூடக் கிடைக்காது. ஆனால் பத்திரம், பாஸ்போர்ட், நகை, டைரி என்று பிறர் கையில் படக் கூடாதவை எல்லோரிடமும் இருக்கின்றன. ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், காலி செய்யும் நாளில் வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்காமல் சமாளித்துவிடலாம்: பூட்டோ போல்ட்டோ துளையோ, எதுவானாலும் உங்கள் சொந்தச் சாமானில் போடுங்கள்.

பூட்டு வாங்கப் போகுமுன், யாரிடமிருந்து காக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். மூன்று வயதுக் குழந்தை மருந்தை எடுக்காமல் தடுப்பது ஒரு வேலை. அண்ணன் தம்பி டைரியைப் புரட்டாமல் தடுப்பது இன்னொன்று. திருடனைத் தடுப்பது முற்றிலும் வேறு. முதல் வேலைக்கு வாங்கியதை மூன்றாவதற்கு நம்புகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

குழந்தைக்கு, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டும் காந்தத் தாழ் போதும். வெளியிலிருந்து காந்தச் சாவியை வைத்தால்தான் கதவு திறக்கும். மரக் கதவுக்கு மட்டுமே சரிப்படும். இரும்புக் கதவில் காந்தம் வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டிய பின் 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஒட்டியதும் இழுத்துப் பார்க்கிற ஆசைதான் அதைக் கழற்றிவிடுகிறது.

வீட்டு ஆட்களின் கண்ணுக்கு மறைக்க, பூட்டுப் போடும் டிரங்குப் பெட்டியே நல்லது. இங்கே எல்லோரும் பூட்டைப் பார்த்து வாங்குகிறார்கள், கொண்டியைப் பார்ப்பதில்லை. பெட்டி மூடியிருக்கும்போது கொண்டியின் திருகாணித் தலைகள் வெளியே தெரிந்தால், எவ்வளவு கனமான பூட்டைத் தொங்கவிட்டாலும் ஒரு திருப்புளியில் கதை முடிந்தது. அந்தத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, தலை வழுவழுப்பாக இருக்கும் போல்ட்டுகளை வெளியிலிருந்து செருகி, உள்ளே அகலமான வாஷர் வைத்து நட்டால் இறுக்குங்கள். பின்பக்கக் கீலையும் பாருங்கள்; கீல் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பூட்டைத் தொடாமலே யாரும் அதைத் தட்டி எடுத்துவிடலாம். எண் பூட்டு வாங்கினால் நான்கு சக்கரம் உள்ளதாக வாங்குங்கள். மூன்று சக்கரப் பூட்டில் மொத்தமே 1,000 எண்கள்தான். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றால் 50 நிமிடத்தில் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்துவிடலாம், விடுமுறையில் வீட்டிலிருக்கும் பையனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. நான்கு சக்கரத்தில் 10,000. அதே வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பெட்டியைத் தரையோடு தரையாக வைக்காதீர்கள். அடியில் கட்டைகள் கொடுத்து ஐந்து சென்டிமீட்டராவது தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அடித்தகட்டில் ஈரம் கோத்துத் துரு ஏறும், மேலே இருக்கும் காகிதமும் நமத்துப்போகும்.

திருடன் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. பத்துக் கிலோ எடையுள்ள சின்ன லாக்கரை யாரும் நின்று திறக்க மாட்டார்கள். அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் லாக்கரின் அடியிலும் முதுகிலும் போல்ட் போடத் துளை விட்டிருக்கிறார்கள். சுவரில் முடுக்க அனுமதி இல்லையென்றால் உங்கள் சொந்த இரும்பு பீரோவின் அடித்தட்டில் முடுக்குங்கள். லாக்கரை உள்ளே வைத்து, துளைகளின் வழியே பென்சிலால் குறித்து, வெளியே எடுத்துவிட்டுத் துளையிடுங்கள். துளைக்கு ஏற்ற போல்ட்டுகளைப் போட்டு, தட்டின் அடிப்புறம் அகலமான வாஷர் கொடுங்கள். மெல்லிய தகட்டில் சின்ன வாஷர் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நட்டை முடுக்குவது லாக்கரின் உட்பக்கத்திலிருந்து இருக்கட்டும், அப்போதுதான் திறக்காமல் கழற்ற முடியாது. துணிமணியோடு நிறைந்த பீரோவைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. வீட்டோடு வந்த அலமாரியென்றால் இதைச் செய்யக் கூடாது, அது வீட்டுக்காரருடையது.

எலக்ட்ரானிக் லாக்கரில் பெரும்பாலும் இரண்டு ரகசிய எண்கள் இருக்கும்: தினமும் போடுவது ஒன்று, அவசரத்துக்கான மாஸ்டர் எண் ஒன்று. முதலாவதை மாற்றிவிட்டு, கையேட்டில் அச்சடித்திருக்கும் மாஸ்டர் எண்ணை அப்படியே விட்டால் பூட்டியும் பூட்டாத கதைதான். கூடவே வரும் அவசரச் சாவியை லாக்கருக்குள்ளேயே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்த அன்றைக்குத்தான் அது எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வரும். அதை நம்பகமான ஒருவரிடம், வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆல்கலைன் பேட்டரிகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தீ தாங்கும் பெட்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காகிதத்துக்கான பெட்டி, உள்வெப்பத்தை 177 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்கும் என்ற கணக்கில் சோதிக்கப்படுகிறது. காகிதம் அதைத் தாங்கும், பென் டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் தாங்காது. கணினிச் சேமிப்புப் பொருள்களுக்கு 52 டிகிரி வரம்புள்ள தனிப் பெட்டிகள் உண்டு. தவிர, தீ தாங்கும் பெட்டியின் சுவருக்குள் ஈரம் பிடித்த காப்புப்பொருள் இருப்பதால் உள்ளே எப்போதும் கொஞ்சம் நசநசப்பு இருக்கும். காகிதங்களை ஜிப் கவரில் போட்டு, சிலிகா ஜெல் பைகளைக் கூட வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள்.

இனி, ஆளுக்கு வேண்டிய மறைவு. ஜன்னலில் ஒட்டும், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் படலத்தை வாங்குகிறவர்கள் சாயங்காலம் ஏமாறுகிறார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் அது கண்ணாடியாக இருக்கும். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது; இரவு விளக்கைப் போட்டதும் நேர்மாறு. இரவும் பகலும் மறைக்க, பனி படர்ந்தாற்போலிருக்கும் மங்கல் படலமே சரி. பசையில்லாத வகையைக் கேட்டு வாங்கினால் போகும்போது உரித்துவிடலாம். கண்ணாடியின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து கண்ணாடி முழுக்கத் தெளித்து, படலத்தை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வழித்துத் தள்ளுங்கள். தண்ணீரில் கஞ்சத்தனம் செய்தால் குமிழி நிற்கும். சொரசொரப்பான கண்ணாடியில் இது ஒட்டாது.

பேச்சு வெளியே கேட்பது பெரும்பாலும் கதவு இடுக்கின் வழியாகத்தான். இரவில் உங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து அறையில் விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். கதவுக்கு அடியில் செருகும் இரட்டைக் குழல் ஸ்பாஞ்சுக்கு ஆணியே வேண்டாம். நிலையைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டையை வாங்குமுன், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய களிமண் உருண்டையை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி, நசுங்கிய கனத்தை அளந்துகொள்ளுங்கள். கனமான பட்டையாக ஒட்டிவிட்டால் தாழ்ப்பாள் விழாது. கம்பளமும் திரைச்சீலையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, பக்கத்து அறைக்குப் போகும் குரலைத் தடுக்காது. அதற்கு ஒரு மேசை விசிறியைக் கதவுக்கு வெளியே, கேட்பவர் பக்கமாக ஓடவிட்டால், அதன் இரைச்சலில் பேச்சு அமுங்கிப்போகும். கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டு, பதில் வந்த பிறகே நுழைவது என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத தாழ்ப்பாள் அது.

தாழ்ப்பாளே இல்லாத அறைக்கு, நிலையின் தகட்டுத் துளையில் மாட்டும் கையடக்கப் பூட்டு கிடைக்கிறது. உட்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு மட்டுமே அது உதவும். நீங்கள் உள்ளே இருக்கும்போது மட்டுமே காக்கும். மயங்கி விழக்கூடியவர்களும் சிறு பிள்ளைகளும் இருக்கும் அறையில் வேண்டாம். உள்ளேயும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டிய பூட்டு எந்த அறைக்கும் வேண்டாம். தீப் பிடித்தால் இருட்டில் சாவியைத் தேட முடியாது.

முந்தைய குடித்தனக்காரர்களிடம் எத்தனை சாவி இருக்கிறதோ என்ற கவலை இருந்தால், வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, கதவுப் பூட்டில் சாவி நுழையும் பாகமான சிலிண்டரை மட்டும் மாற்றுங்கள். கதவின் ஓரத்தில் பூட்டுத் தகட்டிலுள்ள நீளத் திருகாணியைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பினால் சிலிண்டர் நழுவி வரும். வராவிட்டால் சாவியை இம்மியளவு முன்பின் அசைத்துப் பாருங்கள், முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளந்து, அதே அளவில் புதியதை வாங்குங்கள். மொத்த நீளம் ஒன்றானாலும், 30க்கு 40 மில்லிமீட்டர் என்பதும் 35க்கு 35 என்பதும் ஒன்றல்ல. பழையதை அதன் சாவிகளோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். காலி செய்யும் முன் அதையே திரும்ப மாட்டிவிடலாம். கதவில் ஒட்டிய பட்டைகளையும் தாழ்களையும் அன்றைக்கு வெறுங்கையால் இழுக்காதீர்கள், பெயின்ட்டும் கூடவே வரும். முடி உலர்த்தியால் ஓரிரு நிமிடம் சூடாக்கி, பின்னால் மீன்பிடி நரம்பை விட்டு அறுத்து எடுங்கள்.