மரத்துச் சிப்பிக் காளான்: பறிப்பதிலும் சமைப்பதிலும் நடக்கும் தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்டதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பட்டுப்போன மா, வாகை, பூவரசுக் கட்டைகளில் சிப்பிக் காளான் விசிறி விசிறியாக அடுக்குக் கட்டி நிற்கும். புற்றுக் காளான் பறித்துப் பழகியவர்கள் அதே கண்ணோடு இதையும் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அது கறையான் புற்றிலிருந்து எழுவது. இது மரத்தைத் தின்று வளர்வது. மண்ணில் முளைத்ததை, அடியில் வேர்க்கட்டை புதைந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பறிக்காதீர்கள்.

வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது வீண் வேலை. காளான் நஞ்சுக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. நத்தை தின்றதை மனிதர் தின்னலாம் என்பதும் அப்படித்தான். கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கை இவை எல்லாவற்றையும்விட மோசம். உயிரைக் குடிக்கும் காளான் நஞ்சுகள் கொதியில் அழிவதில்லை.

பார்க்க வேண்டியது குடையின் அடிப்பக்கத்தை. வரிவரியான மடிப்புகள் காம்பின் மேல் இறங்கி ஓடியிருக்க வேண்டும். காம்பு குட்டையாக, பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். அதில் வளையமோ அடியில் பை போன்ற உறையோ இருந்தால் அது வேறு காளான். பிறகு ஒரு குடையைக் காம்பு நீக்கி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாளில் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து, டம்ளரால் ராத்திரி முழுக்க மூடிவையுங்கள். காலையில் படிந்திருக்கும் தூள் வெள்ளையாகவோ லேசான ஊதாச் சாம்பலாகவோ இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

தூள் வெள்ளை என்றதும் துணிந்துவிடக் கூடாது. ஜப்பானில் பட்ட மரத்தில் வளரும் ஒரு நச்சுக் காளானுக்கும் தூள் வெள்ளைதான். அதைச் சிப்பிக் காளான் என்று நம்பிச் சாப்பிட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அதன் காம்பை நெடுக்காகப் பிளந்தால் பெரும்பாலும் உள்ளே கறுத்த கறை தெரியும். இருட்டில் மடிப்புகள் மங்கலாக ஒளிரும். இங்கேயும் காம்பைப் பிளந்து பார்த்துவிடுவது நல்லது. ஆரஞ்சு நிறம் தட்டினால் தொடவே வேண்டாம்.

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இடித்த பழைய வீடுகளின் நிலை, உத்தரம், தூண் எல்லாம் கொல்லையில் நனைந்து கிடக்கும். அவற்றில் வார்னிஷ், பெயின்ட், கறையான் மருந்து என்று எத்தனை தலைமுறைப் பூச்சு ஏறியிருக்கிறதோ! காளான் தான் வளரும் கட்டையில் உள்ள உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். எட்டி, அரளிக் கட்டையில் முளைத்ததையும் விட்டுவிடலாம்.

ஓரம் உள்பக்கம் சுருண்டிருக்கும்போதே கத்தியால் அறுங்கள். ஓரம் மஞ்சளித்து அலையலையாக விரிந்தது முற்றல். மடிப்புக்குள் வண்டும் புழுவும் இருக்கும். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்துக் கொழகொழத்துவிடும். ஓலைக்கூடை போதும்.

சமையலில் பெரிய தவறு ஊற வைப்பது. ஓடும் தண்ணீரில் சட்டென்று அலசி, துணியில் ஒற்றி, கையால் கிழித்துப் போடுங்கள். பச்சையாகத் தின்னக் கூடாது. 250 கிராமுக்கு அகலமான இரும்புச் சட்டி வேண்டும். சின்னச் சட்டியில் குவித்தால் வறுபடாமல் வெந்து துவளும். முதலில் எண்ணெய் இல்லாமல் பெருந்தீயில் நாலைந்து நிமிடம் புரட்டி, விடும் தண்ணீரைச் சுண்ட விடுங்கள். அப்புறம் நல்லெண்ணெய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். மிளகு ஒன்றரை டீஸ்பூன், சோம்பும் சீரகமும் அரை அரை, கல்பாசி ஒரு சிட்டிகை; வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுங்கள். கல்பாசி கூடினால் கசக்கும். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ என்று அள்ளிப் போட்டால் காளானின் மணமும் போச்சு, கெட்டுப்போன வாடை இருந்தாலும் தெரியாது.

முதல் தடவை இரண்டு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். சமைக்காத காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிட்டபின் வாந்தி, பேதி வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்திதான் அதிக ஆபத்து. மறுநாள் தேவலை என்று தோன்றினாலும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கலாம்.