வெளிநாட்டு எலெக்டிவ் போகிறீர்களா? தடுப்பூசி அட்டையிலிருந்து தொடங்குங்கள்

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே சில வாரங்கள் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஆஸ்பத்திரிப் பயிற்சி (இதுதான் எலெக்டிவ்) எடுக்க ஆசைப்படும் மாணவர்கள், எந்த ஆஸ்பத்திரி நல்லது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். வீட்டில் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள்.

படி 1: ஊசிகள்

அதிக நாள் பிடிப்பது ஹெபடைடிஸ் பி. 0, 1, 6 மாதங்களில் 3 டோஸ். கடைசி டோஸ் போட்டு 1 முதல் 2 மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும். 10 யூனிட்டாவது இருந்தால்தான் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். இதற்கே ஏழெட்டு மாதம் ஓடிவிடும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) 2 டோஸ், சின்னம்மைக்கு 2 டோஸ், டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் தடுப்பூசி) ஆகியவற்றுக்கும் சான்று கேட்பார்கள். அட்டை தொலைந்திருந்தால் தட்டம்மை, சின்னம்மைக்கு ஆன்டிபாடி பரிசோதனை செய்து காட்டலாம்.

காசநோய் சோதனையில் கவனம் தேவை. நமக்கெல்லாம் குழந்தையிலேயே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டோ சோதனையில் தொற்று இல்லாமலே கை தடிக்கக்கூடும். காசநோய்த் தொற்றைக் காட்டும் இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. முடிந்தால் அதையே எடுங்கள்.

படி 2: விண்ணப்பமும் விசாவும்

அமெரிக்காவுக்கு, அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏஏஎம்சி, எலெக்டிவுக்கு விண்ணப்பிக்க விஎஸ்எல்ஓ என்ற இணையதளத்தை நடத்துகிறது. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருந்தால்தான் அந்த வழி. டீன் ஆபீசில் விசாரியுங்கள். இல்லையென்றால் நேரடியாக விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களைத் தேட வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு போனால் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப்தான் கிடைக்கும். அதனால் மாணவராக இருக்கும்போதே போவது நல்லது. பிரிட்டனுக்கு விசிட்டர் விசா போதும். ஆனால் சம்பளம் வாங்கக் கூடாது, நோயாளிக்குச் சிகிச்சையும் தரக் கூடாது.

படி 3: வார்டில் பேச்சு

நம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் கூட்டம் நெரியும். 'சட்டையைத் தூக்குங்க' என்று சொல்லி ஸ்டெத்தை வைத்துப் பழகியிருப்போம். அங்கே பெயரைச் சொல்லி, மாணவர் என்று தெரிவித்து, திரையை இழுத்துவிட்டு, அனுமதி கேட்ட பிறகே தொட வேண்டும். பிரிட்டனில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற மருத்துவர் கேட் கிரேன்ஜர், தன்னைக் கவனிக்க வந்தவர்கள் பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று வருந்தி, 2013இல் இதற்காக ஓர் இயக்கமே தொடங்கினார்.

இந்தப் பழக்கத்துக்கு விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை ரவுண்ட்ஸிலேயே ஆரம்பியுங்கள்: 'ஐயா, நான் இங்க படிக்கிற ஸ்டூடண்ட். உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா?' அவர் வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகருங்கள். நம் நோயாளிகளுக்கும் இந்த மரியாதை உரியதுதான்.

படி 4: போய் இறங்கிய முதல் நாள்

கற்றுத்தராத எதையும் செய்யச் சொன்னால், 'எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருங்கள்' என்று தயங்காமல் சொல்லுங்கள். நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறி உங்களைக் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது. அதற்கு யாரை அழைக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டு, எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள்.