ஊருக்குப் போறீங்களோ: வீல்செயாரோட போறவைக்கும், அங்க இருக்கிற எங்கட மாற்றுத்திறனாளிகளுக்கு ஏதும் செய்ய நினைக்கிறவைக்கும்

லீவு கிட்ட வரேக்க, வெளிநாட்டில இருந்து யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் ஊருக்குப் போற எங்கட சனத்திட்ட இருந்து ரெண்டு விதமான கேள்வி வரும். ஒண்டு, அம்மாவுக்கு இப்ப நடக்கேலாது, வீல்செயார்ல வச்சு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ, நல்லூர்க் கோயிலைக் காட்டலாமோ எண்டது. மற்றது, அங்க கால் இழந்த, கண் தெரியாத சனத்துக்கு ஏதும் செய்யோணும் போல கிடக்கு, இங்க இருந்து என்ன கொண்டு போறது எண்டது. ரெண்டையும் சேத்துத்தான் எழுதுறன். ஏனெண்டா நீங்கள் மூண்டு கிழமை உங்கட அம்மாவோட படுற பாட்டைத்தான் அங்க இருக்கிற ஆக்கள் வருசம் முழுக்கப் படுகினம், அதே படி, அதே ரொய்லற், அதே பஸ். அதாலதான் எதைச் செய்யிறதெண்டாலும் முதல்ல அவையிட்டக் கேளுங்கோ எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறன்.

முதல்ல பயணம். எயார்லைனுக்கு ரிக்கெற் போடேக்கையே வீல்செயார் உதவி வேணும் எண்டு சொல்லி வையுங்கோ, ஆகக் குறைஞ்சது ரெண்டு நாளுக்கு முன்னமாவது அது அவையிட்டப் பதிஞ்சிருக்கோணும். மோட்டர் வீல்செயார் எண்டால் பற்றரி என்ன வகை, எத்தினை வாட் அவர் (Wh, பற்றரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும் எண்ட கணக்கு) எண்டு கேப்பினம், அந்த லேபிளை போன்ல படம் எடுத்து வச்சிருங்கோ. கனடாவில இருந்து போறவை இன்னொண்டு பாக்கோணும். அங்க கரண்ட் 120 வோல்ட், இலங்கையில 230, சார்ஜர்ல 100 - 240 எண்டு போட்டிருந்தா பயமில்லை, இல்லையெண்டா முதல் நாளே சார்ஜர் எரிஞ்சிடும், பிறகு அந்தக் கதிரையைத் தள்ள நாலு பேர் வேணும். பிளக்கும் பழைய வீடுகளில வட்ட மூண்டு முள்ளு, புது வீடுகளில லண்டன் மாதிரிச் சதுர முள்ளு, ரெண்டுக்கும் அடப்டர் கொண்டு போங்கோ. ஏலுமெண்டா ஊருக்கு மடக்கக் கூடிய கையால தள்ளுற கதிரைதான் நல்லம் எண்டுறது என்ர அபிப்பிராயம். பாரமான மோட்டர் கதிரையை வானுக்குள்ள ஏத்திறதே ஒரு தனி அலுவல்.

கட்டுநாயக்க எயார்போட்டில இறங்கி யாழ்ப்பாணத்துக்கு ஏழெட்டு மணித்தியாலம் வான் ஓட்டம். யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டில வீல்செயார் உள்ள போற ரொய்லற் வழிவழிய கிடைக்கும் எண்டு நம்பி வெளிக்கிடாதேங்கோ, கொமட் கதிரை (இருந்தபடியே மலசலம் கழிக்கிற கதிரை) ஒண்டும் ஒரு பெட்சீற்றும் வான்ல கிடந்தா நிம்மதி. இடையில ஒரு இரவு வவுனியாவிலயோ அனுராதபுரத்திலயோ தங்கிப் போறது வயசு போன ஆக்களுக்கு எவ்வளவோ சுகம். ரெயின்ல ஏறுற படி உயரம், வாசல் ஒடுக்கம், ஆராவது தூக்கித்தான் ஏத்தோணும். சென்னையால யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டுக்கு வாறதெண்டா அது சின்ன ஏ.ரி.ஆர் விமானம், கதவுக்கு ஏறக் கொஞ்சப் படி இருக்கும், அதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்கோணும்.

வீட்டுக்கு வருவம். யாழ்ப்பாணத்துப் பழைய வீடு எண்டா நிலைப்படி இருக்கும். மரத்தால, அரை அடி உயரத்துக்கு, ஒவ்வொரு அறை வாசலிலயும். கதவு ரெட்டைக் கதவு, ஒரு பக்கம் எப்பவும் பூட்டித்தான் கிடக்கும், மேல கீழ கொண்டியைக் கழட்டி ரெண்டையும் திறந்தால்தான் கதிரை போகும், அந்தக் கொண்டி எத்தினை வருசமாத் துருப்பிடிச்சுக் கிடக்கோ தெரியாது. போறதுக்கு முந்தி சித்தியையோ மாமாவையோ ஒருக்கா ஒரு டேப் எடுத்து வாசலை அளந்து அனுப்பச் சொல்லுங்கோ, உங்கட கதிரையின்ர அகலத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ. சரிவுப் பாதை போடுறதெண்டா எல்லா நாட்டிலயும் சொல்லுற கணக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மேசனிட்ட விட்டா அவர் மூண்டு அடியில செங்குத்தாப் போட்டு முடிச்சிடுவார், பிறகு அதில ஏத்திற ஆளுக்கும் ஆபத்து, இருக்கிற ஆளுக்கும் ஆபத்து. அரை அடிப் படிக்கு ஆறு அடி எண்டு நிண்டு சொல்லிச் செய்விச்சுப் போட்டு, நீங்கள் திரும்பினாப் பிறகும் அதை உடைக்காமல் விடச் சொல்லுங்கோ. அந்த ஒழுங்கையிலேயே அது தேவைப்படுற இன்னொரு ஆள் கட்டாயம் இருப்பார்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாள், அந்த நாளில வீதியெல்லாம் மணல் பரவியிருக்கும். முன் சின்னச் சில்லு மணல்ல புதையும், தள்ளத் தள்ள இன்னும் கீழ போகும். கதிரையைத் திருப்பிப் பின்பக்கமா இழுத்தால் பெரிய சில்லு உருண்டு வரும், இது தெரிஞ்சா பாதிச் சண்டை மிச்சம். தேருக்கு அண்டைக்கு சனத்துக்குள்ள போகாமல் விடியக் காலமைப் பூசைக்கோ, திருவிழா அல்லாத நாளிலயோ போனா வடிவாக் கும்பிடலாம். நயினாதீவு எண்டா குறிகட்டுவான்ல இருந்து படகு, படகு ஆடும், இறங்குதுறைக்கும் படகுக்கும் இடையில காலை வச்சுத் தாண்டோணும், நடக்கேலாத ஆளைத் தூக்கித்தான் ஏத்துவினம், தூக்கிற பெடியள் நல்ல மனசோட செய்வினம், ஆனா ஏத்தப்படுற ஆளிட்ட "உங்களுக்கு ஓமோ" எண்டு முதல்ல கேளுங்கோ. வேண்டாமெண்டு அம்மா சொன்னா அது வேண்டாம்தான்.

வெக்கையையும் சொல்லோணும். முள்ளந்தண்டு மேல்பகுதியில அடிபட்ட ஆக்களுக்கு உடம்பு ஒழுங்கா வேர்க்காது, சூடு உள்ளுக்க ஏறிக்கொண்டே போகும், ஆளுக்கே தெரியாது. ஓகஸ்ட் மத்தியானம் ஏசி இல்லாத வான்ல வச்சிருக்காதேங்கோ, ஈரத் துணி, தண்ணி, நிழல் எப்பவும் கைக்கு எட்டோணும். காது மெசின் போடுறவை வேர்வைக்கு மெசின் பழுதாகாமல் இருக்க ஈரம் உறிஞ்சிற டப்பியும், உங்கட மெசினுக்குரிய நம்பர் பற்றரி பயணம் முழுக்கக் காணக் கூடிய அளவுக்கும் கொண்டு போங்கோ.

மருத்துவ அலுவல். போய் இறங்கின உடன லோக்கல் சிம் ஒண்டு போடுங்கோ. அவசரமெண்டா 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, 2018ல இருந்து வடக்கிலயும் ஓடுது. மனநல உதவிக்கு 1926. போர் முடிஞ்சு முதல்தரம் ஊர் பாக்கப் போற கனபேருக்கு வீட்டு வாசல்ல நிக்கேக்க பழசெல்லாம் திரும்பி வரும், நித்திரை போகும், அதை வெக்கப்பட்டு மறைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில சாந்திகம் எண்ட அமைப்பு எத்தினையோ வருசமா உளவளத்துணை செய்யுது, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு.

பெரிய வருத்தமெண்டா யாழ் போதனா வைத்தியசாலை, கிழக்கில மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவில மாவட்ட ஆஸ்பத்திரியள் இருக்கு. ஸ்பெசலிஸ்ட் டொக்டரைக் கெதியாப் பாக்கோணுமெண்டா பின்னேரம் பிரைவேற்றில சனல் பண்ணலாம் (காசு கட்டி நேரம் பதிஞ்சு பாக்கிறது), அரச ஆஸ்பத்திரியில காலமை இருக்கிற அதே டொக்டர்தான் கனநேரம் அங்கயும் இருப்பார். மருந்துச் சிட்டையும் நோய் விபரமும் ஒரு தாளில ரைப் பண்ணிக் கொண்டு போங்கோ. அங்கத்தை ஆக்கள் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பிக்குள்ளதான் தங்கட கிளினிக் வரலாறு முழுக்க வச்சிருக்கினம், உறை போட்டு, பொலித்தீன் பையில சுத்தி. அம்மம்மாவைப் பாக்கப் போனா அந்தக் கொப்பியை ஒருக்கா வாங்கி வாசியுங்கோ, "நல்லா இருக்கிறன் பிள்ளை" எண்ட சொல்லை விட அதில கனக்க இருக்கும். ஆஸ்பத்திரியில இல்லை, வெளிய வாங்கு எண்டு எழுதிவிட்ட மருந்துகள் எதெது எண்டும் அதில தெரியும், உங்கட காசு உண்மையாத் தேவைப்படுற இடம் அதுதான்.

கனபேர் கவனிக்காத ஆள் ஒராள் இருக்கிறா, ஊர் மிட்வைப், குடும்பநல உத்தியோகத்தர். சைக்கிள்லயோ ஸ்கூட்டியிலயோ வீடு வீடா வருவா, சனம் "மிஸ்" எண்டு கூப்பிடும், எந்த வீட்டில எந்தப் பிள்ளைக்கு நடை பிந்துது, பேச்சு வரேல்லை எண்டு அவவுக்குத்தான் முதல்ல தெரியும். உங்கட சொந்தத்தில அப்பிடி ஒரு பிள்ளை இருந்தா "வளர வளரச் சரிவரும்" எண்டு சொல்லிக்கொண்டு இருக்காமல் அவவோட கதைச்சு எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்கு அனுப்புங்கோ, எவ்வளவு வெள்ளனப் பாக்கினமோ அவ்வளவு நல்லம். பள்ளிக்கூடமெண்டா மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளையளுக்குக் கொண்டாவில்ல சிவபூமி, காது கேளாத, கண் தெரியாத பிள்ளையளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை. சுன்னாகம் பக்கம் விழிப்புலன் இல்லாத ஆக்களுக்கு வாழ்வகம்.

காசு உதவி அரசாங்கத்தாலயும் இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு மாதக் கொடுப்பனவு, 2025 வரவுசெலவுத் திட்டத்தில அதைப் பத்தாயிரம் ரூபாவாக் கூட்டினவை. ஜி.எஸ் (கிராம சேவையாளர்) இட்டப் போய், பிறகு பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்டப் போய், வைத்திய சான்றிதழோட விண்ணப்பிக்கோணும். கனபேர் அலைச்சலுக்குப் பயந்து விட்டுப்போட்டினம், ஏனெண்டா அந்த ஒஃபிசுக்குப் போக ஓட்டோக் காசு வேணும், போனா படி ஏறோணும், ஏறினா "நாளைக்கு வாங்கோ". நீங்கள் ஊரில நிக்கிற நாளில ஒரு காலமை அந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அலுவலை முடிச்சுக் குடுத்தா, அது நீங்கள் கையில குடுக்கிற அஞ்சாயிரத்தை விடப் பெரிசு, மாதா மாதம் வரும்.

இனிச் சாமான் கொண்டு போறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில கழிச்ச பெரிய வீல்செயாருகளைக் கொண்டெயினர்ல நிரப்பி அனுப்புறது எங்கட சனத்தில கனகாலமா நடக்குது, அன்பாத்தான் செய்யினம், ஆனா பாருங்கோ, வீல்செயார் எண்டது ஆளின்ர உடம்பு அளவுக்கு இருக்கோணும். இடுப்புக்குக் கீழ உணர்வில்லாத ஒரு அண்ணை வன்னியில எனக்குக் காட்டினவர், தன்ர கதிரையை இல்லை, அதில கிடந்த குசனை. "தம்பி, கதிரையை வெல்டிங் கடையில ஒட்டலாம், இதை ஒட்டேலாது, இது போனா எனக்குப் புண் வரும், புண் வந்தா ஆறு மாசம் குப்புறப் படுக்கோணும்" எண்டார். படுக்கைப் புண்தான் அந்த ஆக்களைக் கொல்லுறது, அதோட சிறுநீர்க் கிருமி. குசன், எயார் மெத்தை, கதீற்றர் (சிறுநீர் எடுக்கிற குழாய்), சலப்பை, கையுறை, இதுகள்தான் முடிஞ்சு முடிஞ்சு திரும்பத் தேவைப்படுற சாமான். மாங்குளத்தில உயிரிழை எண்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஆக்களே நடத்துற அமைப்பு இருக்கு, அவையிட்ட என்ன அளவு, எத்தினை எண்டு கேட்டு வாங்கிக் குடுங்கோ, கூடினளவு இலங்கையிலேயே வாங்கலாம். கால் இழந்தவைக்கு 1987ல இருந்து யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் செய்து குடுக்குது. ஒரு கால் குடுத்தா அதோட முடியிற விசயம் இல்லை, சில வருசத்தில தேயும், பிள்ளையளுக்கு வளர வளர மாத்தோணும், அதால படம் எடுக்கிற புதுக் காலுக்கு மட்டுமில்லாமல் திருத்திற செலவுக்கும் குடுங்கோ. மருந்துகளைச் சூட்கேசில அள்ளிக்கொண்டு போய்க் குடுக்க வேண்டாம், காலாவதிக்குக் கிட்டின மருந்து அங்கத்தை ஆஸ்பத்திரிக்குச் சுமை, முதல்ல அவையிட்டக் கேட்டு முறையா அனுமதி எடுத்துத்தான் செய்யோணும்.

படம் எண்ட உடன ஒண்டு சொல்லுறன், கோவிக்க வேண்டாம். குடுக்கேக்க அந்த ஆளையும் வெட்டுப்பட்ட காலையும் சேத்து எடுத்து பேஸ்புக்கில போடாதேங்கோ. அந்த மனிசனுக்கும் கலியாணம் கட்டிற வயசில மகள் இருப்பா, சம்பந்தி வீடும் அந்தப் படத்தைப் பாக்கும்.

உங்களால செய்யக்கூடிய பெரிய விசயம் கேள்வி கேக்கிறது. இலங்கையில மாற்றுத்திறனாளிகளின்ர உரிமையைப் பாதுகாக்கிற 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டம் இருக்கு, 2006ல கட்டடங்களுக்கு அணுகு வசதி ஒழுங்குவிதி வந்தது, 2011ல உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டது, ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை 2016ல நாடு ஏற்று உறுதிப்படுத்தினது. இவ்வளவும் இருந்தும் பாங்குக்கும் தபால் கந்தோருக்கும் ஏறேலாமல் எங்கட ஆக்கள் வாசல்ல நிண்டு ஆரையாவது உள்ள அனுப்பினம். ஊரில ஒரு மண்டபத்துக்கோ, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ, கோயில் திருப்பணிக்கோ உங்களிட்டக் காசு கேட்டா, சரிவுப் பாதையும் கதிரை போற ரொய்லற்றும் பிளான்ல இருக்கோ எண்டு கேளுங்கோ, இல்லையெண்டா போட்ட பிறகு தாறன் எண்டு சொல்லுங்கோ. புலம்பெயர்ந்த சனத்தின்ர காசில கட்டின கட்டடம் ஊரில எத்தினை இருக்கு, எல்லாத்துக்கும் கல்வெட்டில பேர் இருக்கு, எத்தினைக்குச் சரிவு இருக்கெண்டு போய்ப் பாருங்கோ.

பிரதேச சபைக்கு 2025 மே மாசம் தேர்தல் நடந்தது, உறுப்பினர்மார் இருக்கினம், போய்ச் சந்திக்கலாம். போகேக்க நீங்கள் தனியப் போய் எல்லாத்தையும் நீங்களே கதைக்காமல் அந்த இடத்து மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆக்களோட போங்கோ, அவை கதைக்கட்டும், நீங்கள் பக்கத்தில இருங்கோ. பதில் வராட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ம் ஆண்டு 12ம் இலக்கம், அதால எழுத்தில கேக்கலாம், இந்தக் கட்டடத்துக்கு அணுகு வசதி செய்ய எவ்வளவு ஒதுக்கினனீங்கள், ஏன் செய்யேல்லை எண்டு. அது இலங்கைப் பிரஜைக்குத்தான் உரியது, வெளிநாட்டுப் பாஸ்போட் மட்டும் வச்சிருக்கிறவை தங்கட மச்சானையோ மச்சாளையோ எழுதச் சொல்லலாம், தமிழிலேயே எழுதலாம், பதினாலு வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லோணும். அதுக்கும் மசியாட்டி மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில இருக்கு, முறைப்பாட்டைக் குடுத்துப்போட்டு இலக்கத்தைக் குறிச்சு வாங்கி, வைபர்ல உங்களுக்கும் ஒரு கொப்பி அனுப்பச் சொல்லுங்கோ, திரும்பி வந்தாப் பிறகு மாதம் ஒருக்கா என்ன நடந்ததெண்டு கேக்கலாம்.