எனக்கு நடிக்க வராதே, டி அண்ட் டி ஆடலாமா? மேசையைக் கெடுக்கும் சில தவறுகள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, ஆளுக்கு ஒரு கற்பனைக் கேரக்டரை எடுத்துக்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். அதை ஆடலாம் வா என்று யாரையாவது கூப்பிட்டால், ரூல்ஸ் கஷ்டமா, எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. "எனக்கு நடிப்பெல்லாம் வராதுப்பா" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். எங்கேயோ ஒரு வீடியோவில் ஒருவர் தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு குள்ளனாகப் பேசுவதையும், எதிரில் இருப்பவர் கண் கலங்குவதையும் பார்த்திருப்பார்கள், அதோடு இது நாடகக் குழுவுக்கு ஆள் எடுக்கும் வேலை என்று முடிவு கட்டியிருப்பார்கள். இதற்கு நேர் எதிராக இன்னொரு கோஷ்டியும் உண்டு. அவர்களுக்குக் கதை, குரல், உணர்ச்சி எதுவும் வேண்டாம், பகடையை உருட்டு, எத்தனை விழுந்தது என்று சொல், அடுத்த ஆள் வரட்டும். ஆட்டமா நடிப்பா என்று இந்த இரண்டு கோஷ்டியும் பல வருடங்களாகச் சண்டை போடுகின்றன. மேசையில் நடக்கும் பல கோளாறுகளுக்கு ஏதாவது ஒரு பக்கத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆட்டம்தான். ஒரு சிக்கல் முன்னால் வந்து நிற்கிறது, என்ன செய்வது என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) உட்பட யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. குரல் மாற்றிப் பேசுவது, அந்த முடிவை மேசையில் இருக்கும் மற்றவர்கள் கண்ணுக்குக் கொண்டுவரும் ஒரு வழி. அழகான வழிதான், ஆனால் அது இல்லாமலும் ஆடலாம், முடிவு இல்லாமல் ஆட முடியாது.

இது பிறந்த கதையும் கொஞ்சம் இப்படித்தான் இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நண்பர்களுக்காக நடத்தினார். வழக்கமாக ஆளுக்கு ஒரு படையைக் கொடுப்பார்கள். அவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து, ஆளுக்கு ஒரு மனிதரைக் கொடுத்தார். படைகள் மோதுவதற்கு முன்பே ஆட்டம் கைமீறிவிட்டது. ஆட்டக்காரர்கள் தனித்தனியாகப் போய் ரகசிய ஒப்பந்தம் பேச ஆரம்பித்தார்கள், இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை மோத வேண்டும் என்றார்கள், அதற்கு விதியே கிடையாது, அவர் அந்த இடத்திலேயே யோசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் சொதப்பிவிட்டது என்றுதான் வெஸ்லி நினைத்தார், ஆடியவர்களோ இன்னொன்று நடத்து என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் பிறகு பிளாக்மூர் என்ற தன் உலகத்தை உருவாக்கி ஆட்டம் நடத்தினார். அதிலிருந்துதான் அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் டி அண்ட் டியை வெளியிட்டார்கள். அந்த முதல் பதிப்பின் அட்டையிலேயே அது போர் விளையாட்டுக்கான விதிகள் என்றுதான் போட்டிருந்தது. யாரும் நாடகம் போடக் கிளம்பவில்லை. ஆனால் படைக்குப் பதிலாக ஒரு ஆளைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் அந்த ஆளாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதையும் யாராலும் தடுக்க முடியவில்லை.

சரி, தவறுகளுக்கு வருவோம்.

வீடியோவை அளவுகோலாக வைப்பது

டி அண்ட் டி ஆடுவதையே நிகழ்ச்சியாகக் காட்டும் கிரிட்டிகல் ரோல் 2015 மார்ச்சில் நேரலையாக ஒளிபரப்பாக ஆரம்பித்தது. அந்த மேசையில் இருப்பவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள், கார்ட்டூனுக்கும் வீடியோ கேமுக்கும் குரல் கொடுத்துச் சம்பாதிப்பவர்கள். வீட்டில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைத்தான் கேமரா முன்னால் கொண்டுவந்தார்கள் என்பது உண்மை, ஆனாலும் கேமரா வந்த பிறகு பார்ப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டு மேசைக்கு வெளியே பார்வையாளர் கிடையாது. இருக்கும் நான்கைந்து பேரும் ஆடுபவர்கள், அவர்கள் எல்லோருக்கும் தங்கள் முறை வர வேண்டும். மூன்று நிமிடம் நீங்கள் உருகி உருகிப் பேசினால் அந்த மூன்று நிமிடமும் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றாக இருந்தால் ரசிப்பார்கள், இரண்டாவது தடவை போனை எடுத்துவிடுவார்கள்.

2014-இல் வந்த டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டிலேயே, கேரக்டராக ஆட இரண்டு வழிகள் உண்டு என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்று கேரக்டராகவே பேசுவது, இன்னொன்று கேரக்டர் என்ன செய்கிறது என்று வெளியில் இருந்து சொல்வது. "என் ஆள் காவலாளிகிட்ட போறான், ராணி அனுப்பின தூதன்னு பொய் சொல்றான், நேரமாகுதுன்னு எரிச்சல்ல இருக்கிற மாதிரி காட்டிக்கிறான்" என்றால் போதும். யாரிடம், எதற்காக, எந்தப் பொய், எந்த முகபாவம் எல்லாமே அதில் வந்துவிட்டது. இதே இடத்தில் ஒருவர் பிரமாதமான குரலில் வானிலை பற்றியும் தன் செத்துப்போன அண்ணனைப் பற்றியும் பேசிவிட்டுக் கடைசிவரை காவலாளியிடம் என்ன வேண்டும் என்றே சொல்லாமல் போவதையும் பார்க்கலாம். முதல் ஆள் ஆடியிருக்கிறார். இரண்டாவது ஆள் என்ன செய்தார் என்று டிஎம்முக்கே தெரியாது.

தமிழில் ஆடும் மேசைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை: கோட்டை, ராஜா என்று கதை வந்ததும் எல்லோரும் சரித்திரப் பட வசனத்துக்குத் தாவிவிடுவார்கள். பத்து நிமிடம் சிரிப்பாக இருக்கும். அதையே மாதக்கணக்கில் இழுக்க முடியாது, சாதாரணமாகப் பேசுங்கள்.

நாக்கு இருப்பவனுக்கே வெற்றி என்று விடுவது

இதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. மேசையில் ஒருவர் பேச்சில் கெட்டிக்காரர், அவருடைய கேரக்டர் கரிஸ்மா (ஆட்களைக் கவரும் திறமைக்கான எண்) வெறும் 8 உள்ள முரட்டுப் போர்வீரன். இன்னொருவர் கூச்ச சுபாவம், ஆனால் ஆசைப்பட்டு, ஊரையே பேசி மயக்கும் பாடகனை எடுத்திருக்கிறார். பிரபுவிடம் உதவி கேட்கும் காட்சி வருகிறது. போர்வீரனை வைத்திருப்பவர் அருமையாகப் பேசுகிறார், டிஎம் அசந்துபோய்ப் பகடையே கேட்காமல் பிரபுவைத் தலையாட்ட வைக்கிறார். பாடகனை வைத்திருப்பவர் தட்டுத்தடுமாறி இரண்டு வரி சொல்கிறார், "இதுக்கெல்லாம் பிரபு ஒத்துக்க மாட்டார்" என்று தீர்ப்பு வருகிறது. போர்வீரன் கதவை உடைக்கப் போனால் அந்த ஆட்டக்காரரை எழுந்து மேசையைத் தூக்கிக் காட்டு என்று யாராவது கேட்கிறார்களா? உடல் பலத்துக்குக் கேரக்டரின் எண்களை எழுதிய ஷீட்டைப் பார்ப்பவர்கள் பேச்சுக்கு மட்டும் ஆளைப் பார்க்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு அநியாயம் என்று தெரியும். நடுத்தரக் கஷ்டமான வேலைக்கு ஐந்தாம் பதிப்பில் 15 வர வேண்டும். கரிஸ்மா 8 என்றால் உருட்டியதில் 1 குறையும், ஆகவே இருபது பக்கப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 25 சதவீத வாய்ப்பு. முதல் லெவல் பாடகனுக்குக் கரிஸ்மா 16, பெர்சுவேஷனில் (பேசி ஒத்துக்கொள்ள வைக்கும் திறமை) பயிற்சியும் இருக்கிறது என்றால் 5 கூடும், 10 விழுந்தாலே போதும், 55 சதவீதம். அந்த இரண்டு மடங்குக்கு மேலான வித்தியாசத்துக்காகத்தான் அந்த ஆட்டக்காரர் நல்ல எண்ணைக் கரிஸ்மாவில் போட்டுவிட்டு, பலத்தை விட்டுக்கொடுத்தார். பகடை கேட்காமல் விடும்போது அவர் கொடுத்த விலை வீணாகிறது.

அதற்காக நல்ல பேச்சுக்கு மதிப்பே தரக் கூடாதா? தரலாம், அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. அட்வான்டேஜ் கொடுங்கள், இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளட்டும். போர்வீரனின் 25 சதவீதம் கிட்டத்தட்ட 44 ஆகும். பேசினதற்குப் பலன் கிடைத்தது, ஆனாலும் பாடகனின் சாதாரணமான 55-ஐத் தாண்டவில்லை. பாடகனை வைத்திருப்பவர் தடுமாறிச் சொன்ன இரண்டு வரியில் "பிரபுவின் மகன் எல்லையில் மாட்டியிருப்பதை நினைவுபடுத்துகிறேன்" என்ற மாதிரி ஒரு நல்ல யோசனை இருந்தால் அவருக்கும் அதே அட்வான்டேஜ் உண்டு, வாய்ப்பு 80-க்குப் பக்கத்தில் போய்விடும். எப்படிச் சொன்னார் என்பதை விட என்ன சொன்னார் என்பதற்கு அட்வான்டேஜ் கொடுத்துப் பழகினால், கூச்சக்காரர்கள் கொஞ்ச நாளில் தானாகவே அதிகம் பேசுவார்கள்.

"பெர்சுவேஷன் போடுறேன், 19"

இது எதிர்க் கோஷ்டியின் தவறு. காட்சியை டிஎம் சொல்லி முடிப்பதற்குள் பகடை மேசையில் விழுந்திருக்கும். 19 சரி, யாரிடம் என்ன கேட்டீர்கள்? மிரட்டினீர்களா, கெஞ்சினீர்களா, லஞ்சம் கொடுத்தீர்களா? அது தெரியாமல் டிஎம்மால் விளைவைச் சொல்லவே முடியாது, சொன்னாலும் "ம், ஒத்துக்கிட்டார்" என்று மொட்டையாகத்தான் இருக்கும். இதை நடிப்புக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அது ஆட்டத்திலேயே குறை. முடிவை எடுக்காமல் எண்ணை மட்டும் கொடுத்தால் நீங்கள் உருட்டினாலும் ஒன்றுதான், பக்கத்து வீட்டுப் பையன் உருட்டினாலும் ஒன்றுதான். என்ன வேண்டும், அதற்கு என்ன செய்கிறேன் என்று இரண்டு வாக்கியம் சொன்ன பிறகு பகடையைத் தொடுங்கள். பல நேரம் அதைக் கேட்டதும் பகடையே தேவையில்லை என்று டிஎம் விட்டுவிடுவார், தோற்றால் ஒன்றும் ஆகாத இடத்தில் உருட்டி என்ன பிரயோஜனம்?

"என் கேரக்டர் அப்படித்தான்"

நண்பர்களின் பையிலிருந்து நகையைத் திருடும் திருடன், எந்தத் திட்டத்துக்கும் வர மாட்டேன் என்று மூலையில் நிற்கும் தனியன், பேச்சுவார்த்தை நடக்கும்போதே ராஜாவைக் குத்துபவன். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான் பண்ணும்" என்பார்கள், பெரிய நடிகர் பாத்திரத்துக்கு உண்மையாக இருப்பது போல. அந்தக் கேரக்டரை உருவாக்கியதே நீங்கள்தானே. திருடனுக்கு நண்பர்களிடம் மட்டும் கை வைக்க மாட்டான் என்ற ஒரு குணத்தைக் கொடுத்தால் அவன் திருடன் இல்லாமல் போய்விடுவானா? எந்தக் கேரக்டருக்கும் ஒரே நேரத்தில் நம்பும்படியான மூன்று நான்கு செயல்கள் இருக்கும். அதில் மற்றவர்களுக்கும் ஆட இடம் விடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஆட்டக்காரரின் வேலை. 2014 விதிகளில், குணத்துக்கு ஏற்றபடி ஆடினால் டிஎம் இன்ஸ்பிரேஷன் கொடுக்கலாம், அதைச் செலவழித்து அட்வான்டேஜ் வாங்கிக்கொள்ளலாம். தன் கேரக்டரின் குறையால் தானே மாட்டிக்கொள்பவருக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். தன் குறையால் அடுத்தவரை மாட்டிவிடுபவருக்கு எதற்கு?

டிஎம் இயக்குநர் ஆவது

நடிப்பு ஆசை ஆட்டக்காரரிடம் இருந்தால் ஒரு காட்சி கெடும், டிஎம்மிடம் இருந்தால் கேம்பெயினே, அதாவது பல செஷன்களாக ஓடும் முழுக் கதையே கெடும். வில்லனுக்கு ஒரு பக்க வசனம் எழுதிக்கொண்டு வருவார், அதை முடிக்கும் வரை யாரும் அம்பு விடக் கூடாது. மந்திரியும் தளபதியும் தங்களுக்குள் விவாதிப்பார்கள், இரண்டு குரலும் டிஎம்முடையது, ஆட்டக்காரர்கள் நாலு பேரும் வானொலி நாடகம் கேட்கிறார்கள். இதிலெல்லாம் மோசமானது, மூன்றாவது செஷனில் நடக்க வேண்டிய சோகக் காட்சிக்காக முதல் செஷனில் வில்லனைத் தப்பிக்க வைப்பது. ஆட்டக்காரர்கள் புத்திசாலித்தனமாகப் பாலத்தை உடைத்து அவனைப் பிடித்துவிட்டார்கள் என்றால் பிடித்துவிட்டார்கள். எழுதிய வசனம் வீணாகட்டும். ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் அடுத்த முறை யாரும் பாலத்தைப் பற்றி யோசிக்க மாட்டார்கள், டிஎம் என்ன எதிர்பார்க்கிறார் என்று முகத்தைப் பார்த்து அதைச் செய்வார்கள்.

வீட்டில் தயார் செய்வதானால் காட்சிகளை விட்டுவிட்டு ஆட்களைத் தயார் செய்யுங்கள். வில்லனுக்கு என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, எதற்குப் பயப்படுவான். இது தெரிந்தால் பாலம் உடைந்த பிறகும் அவனை ஆட்டலாம்.

வேண்டியது ஒன்று, எடுத்த ஆட்டம் வேறு

மனிதர்களுக்கு இடையில் நடக்கும் கசப்பான கதைதான் வேண்டும் என்று ஒரு குழு ஆசைப்படும், ஆனால் எடுத்துக்கொண்டு உட்காருவது டி அண்ட் டி. அதன் விதிகளில் பெரும் பங்கு சண்டைக்கும் மந்திரத்துக்கும் போகிறது. லெவல் ஏறினால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அடிக்கவோ அடி தாங்கவோ உதவுபவை. பிறகு மாதக்கணக்கில் விதியை ஒதுக்கிவைத்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, இந்த ஆட்டம் சரியில்லை என்பார்கள். 2009-இல் ஜேசன் மார்னிங்ஸ்டார் வெளியிட்ட ஃபியாஸ்கோ என்ற ஆட்டத்தில் டிஎம்மே கிடையாது. பேராசை பிடித்த சாதாரண மனிதர்கள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டு அது நாசமாவதை, காட்சி காட்சியாக எல்லோரும் சேர்ந்து ஆடித் தீர்க்க வேண்டும். 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் விதியைத் தொட வேண்டும் என்றால் கேரக்டர் கதைக்குள் அந்தச் செயலைச் செய்தே ஆக வேண்டும், "பெர்சுவேஷன் போடுறேன்" என்று தப்பிக்க வழியில்லை. டிரெட் என்ற இன்னொரு ஆட்டத்தில் பகடை கூட இல்லை, மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும், சாய்ந்தால் உங்கள் கேரக்டர் காலி. நடிக்கவே வராதவர் கூட அங்கே கை நடுங்க உட்கார்ந்திருப்பார்.

ஆகவே ஆரம்பிக்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், செஷன் ஜீரோ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. "உனக்கு ஆட்டம் பிடிக்குமா நடிப்புப் பிடிக்குமா" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் இரண்டும் என்பார்கள், ஒன்றும் தெரியாது. குறிப்பாகக் கேளுங்கள்: கடையில் பேரம் பேசுவதை முழுக்க ஆடலாமா, காசைக் கழித்துவிட்டுப் போகலாமா? நல்ல யோசனையை மோசமான பகடை கெடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா? கேரக்டர் சாகலாமா? எந்த விஷயம் கதைக்குள் வரவே கூடாது? பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒரே கேம்பெயினில் எல்லோரையும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. டி அண்ட் டி ஓடிக்கொண்டிருக்கட்டும், யாராவது வராத வாரம் ஃபியாஸ்கோ ஆடுங்கள், ஒரே மாலையில் முடிந்துவிடும், அன்றைக்கு டிஎம்முக்கும் வீட்டுப்பாடம் இல்லை.