யோகோசுகாவிலிருந்து காமகுரா: பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வரும் முறை

ஜப்பானின் யோகோசுகா அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்குக் குடும்பத்தோடு மாற்றலாகி வருகிறவர்களுக்குத் தளத்துக்குள்ளேயே கடை, பள்ளி, சினிமா எல்லாம் கிடைத்துவிடும். வாயிலைத் தாண்டாமலே மாதங்கள் ஓடிவிடும். அப்படி விட்டுவிடாதீர்கள். ரயிலில் கால் மணி நேரம் போனால் காமகுரா. பெரிய புத்தர், கடற்கரை, காசு கழுவும் குகை, இந்த மூன்றும் முதல் பயணத்துக்குப் போதும். நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால் சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.

முந்தின நாள்

கார் வேண்டாம். விடுமுறை நாளில் காமகுராவின் கடலோரச் சாலை நகராது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. ஆளுக்கொரு சுய்கா (முன்கூட்டியே பணம் ஏற்றி ரயில் கட்டணம் கட்டும்) அட்டை வாங்கி, பெரியவர்கள் 1,500 யென் ஏற்றிக்கொள்ளுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அதற்கான சிறுவர் அட்டையை ரயில் நிலைய ஊழியரிடம் பிறந்த தேதிச் சான்று காட்டித்தான் வாங்க முடியும். பள்ளி சேராத பிள்ளைகள் ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் வரை இலவசம்.

பையில் வைக்க வேண்டியவை: அடையாள அட்டை, குடும்பத்தாரின் பாஸ்போர்ட், 50, 100 யென் சில்லறை, ஆளுக்கொரு சிறு துண்டு (பல கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் இருக்காது), குப்பைக்கு இரண்டு பிளாஸ்டிக் பை. தெருவில் குப்பைத்தொட்டி கண்ணில் படுவதே அரிது, குப்பையை வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். தள்ளுவண்டியை விட்டுவிட்டு, குழந்தையைச் சுமக்கும் பை எடுங்கள். காரணம் கடைசிப் படியில் தெரியும். அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 119.

படி 1: சரியான ரயில்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஷியோயிரி நிலையத்தில் கெய்க்யூ என்ற தனியார் நிறுவனத்தின் சிவப்பு நிற ரயிலில் ஏறுவது. அது காமகுராவுக்குப் போகாது. வெர்னி பூங்கா வழியாகக் கரையோரமாக நடந்து ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) யோகோசுகா நிலையத்துக்குப் போங்கள். வழியில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீர்மூழ்கிக் கப்பல்கள் நிற்பது தெரியும். பிள்ளைகள் நகர மாட்டார்கள், பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணி வாக்கில் ரயில் ஏறுவது நல்லது.

காமகுராவில் இறங்கி எனோடென் ரயிலுக்கு மாறி, மூன்றாவது நிறுத்தமான ஹாசேயில் இறங்குங்கள். எனோடென் சின்ன ரயில். வெயில் ஏறிவிட்டால் நடைமேடைக்குள் நுழையவே வரிசை நிற்கும். அதனால்தான் புத்தரை முதலில் வைத்தோம்.

படி 2: பெரிய புத்தர்

ஹாசேயிலிருந்து பத்து நிமிட நடையில் கோதோகு-இன் கோவில். பெரியவர்களுக்கு 300 யென், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 150. சிலை வெண்கலம், உயரம் 11.3 மீட்டர், எடை 121 டன், 1252இல் தொடங்கிய வேலை. முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இன்னொரு 50 யென் கொடுத்துச் சிலையின் வயிற்றுக்குள் போங்கள். உள்ளே படிக்கட்டு குறுகல், இருட்டு. கண் பழகியதும் சுவரில் கட்டம் கட்டமாகத் தழும்புகள் தெரியும். அடுக்கடுக்காக வார்த்து ஒன்றோடொன்று பூட்டிய இணைப்புகள் அவை. அண்ணாந்து பார்த்தால் கழுத்துப் பகுதி மட்டும் வேறு மாதிரி இருக்கும். 1960-61இல் இழைக்கண்ணாடி பிளாஸ்டிக் வைத்துப் பலப்படுத்திய இடம். கோடையில் உலோகம் கொதிக்கும், அதற்கும் காலை நேரமே ஏற்றது.

வெளியே வந்ததும் பக்கத்து நடைபாதைச் சுவரில் தொங்கும் 1.8 மீட்டர் வைக்கோல் செருப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். புத்தர் எழுந்து நடந்தால் போட்டுக்கொள்ள.

படி 3: கடற்கரையில் சாப்பாடு

சாப்பாட்டுக்கு வழியிலுள்ள கடையில் ஓனிகிரி, அதாவது கடற்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டை, வாங்கலாம். பெரியவருக்கு மூன்று, பிள்ளைக்கு ஒன்றிரண்டு. பழக்கமில்லாத நாக்குக்கு டூனா மயோனைஸ் நல்லது. உமேபோஷி என்பது உப்பில் ஊறிய புளிப்புப் பழம், நம் உப்பு நார்த்தங்காய் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

உறையில் 1, 2, 3 என்று எண் இருக்கும். உச்சியில் இருக்கும் 1ஐப் பிடித்து நடுவிலுள்ள நாடாவைக் கீழே இழுத்து, பின்பக்கமும் சுற்றி முழுதாக எடுத்துவிடுங்கள். பிறகு 2, 3 என்ற இரு மூலைகளையும் பக்கவாட்டில் மெதுவாக உருவ வேண்டும். நாடா பாதியில் நிற்கும்போதே மூலையை இழுத்தால் கடற்பாசித் தாள் கிழிந்து உறைக்குள்ளேயே தங்கிவிடும், கையில் வெறும் சோறுதான். சோறும் பாசியும் கடைசி நிமிடம் வரை ஒட்டாமல் மொறுமொறுப்பாக இருக்கத்தான் இந்த இரட்டை உறை.

யுயிகாஹாமா கடற்கரையில் கவனிக்க வேண்டியது பருந்து. மேலே வட்டமிடும். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து இறங்கி, சத்தமே இல்லாமல் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு போகும். நகம் பட்டால் பிள்ளைகளின் விரல் கிழியும். திறந்த மணலில் உட்காராமல், முதுகு சுவரில் படும்படியோ கூரைக்குக் கீழேயோ உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

படி 4: காசு கழுவுதல்

எனோடெனில் காமகுராவுக்குத் திரும்பி, மேற்கு வாசல் வழியாக வெளியேறினால் இருபத்தைந்து நிமிட நடையில் காசு கழுவும் குகை உள்ள ஸெனியாராய் பென்டென் கோவில். கடைசி ஏற்றம் செங்குத்து. தள்ளுவண்டி வேண்டாம் என்றது இதற்குத்தான். பாறையைக் குடைந்த சுரங்கம் வழியாக நுழைய வேண்டும். பென்டென் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு ஜப்பான் போன நம் சரஸ்வதிதான். இங்கே கழுவிய காசு பெருகும் என்பது நம்பிக்கை.

முதலில் வாசல் தொட்டியில் கை அலம்புங்கள். அலுவலகத்தில் சிறு தொகை கொடுத்தால் மெழுகுவத்தி, ஊதுவத்தி, மூங்கில் கூடை தருவார்கள். ஏற்றிக் கும்பிட்ட பிறகு குகைக்குள் போய், கூடையில் காசை வைத்து அகப்பையால் ஊற்று நீரை ஊற்றுங்கள். நோட்டு என்றால் ஓரத்தை மட்டும் நனைத்து, துண்டில் ஒற்றி எடுத்தால் போதும். முழுக்க நனைத்த நோட்டைக் கடை இயந்திரம் துப்பிவிடும்.

கழுவிய காசைப் பூட்டி வைக்கக்கூடாது, செலவழித்தால்தான் திரும்பி வரும் என்பார்கள். பிள்ளைகள் அதைக் கிழக்கு வாசலில் தொடங்கும் கொமாச்சி தெருவில் செலவழிக்கட்டும். வாங்கியதைக் கூட்டத்தில் நடந்துகொண்டே தின்ன வேண்டாம். 2019 முதல் அதைத் தவிர்க்கும்படி ஊர் விதியே இருக்கிறது. கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, குச்சியையும் காகிதத்தையும் அந்தக் கடையிலேயே கொடுங்கள்.

திரும்பும்போது பலகையில் "குரிஹாமா" என்று பார்த்து ஏறுங்கள். சில ரயில்கள் வழியிலுள்ள ஸூஷி நிலையத்தோடு நின்றுவிடும். அதில் ஏறிவிட்டால் பதற்றப்பட வேண்டாம், ஸூஷியில் இறங்கி அடுத்து வரும் குரிஹாமா ரயிலைப் பிடித்தால் யோகோசுகா வந்துவிடும்.