இயலுக்கு இயல் சுட்டுவது எப்படி? ஆய்வேடு எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றின் அளவை ஆராயும் ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். "மாதிரிகள் எடுத்த முறை இயல் 3இல் விளக்கப்பட்டுள்ளது" என்பது போன்ற வாக்கியங்கள் அதில் பத்துப் பன்னிரண்டு இடங்களிலாவது வரும். அந்த 3 என்ற இலக்கத்தை நாமே தட்டெழுதி வைத்தால், இயல்களின் வரிசை மாறும் நாளில் அத்தனை வாக்கியங்களும் பொய்யாகிவிடும். என் இளங்கலை ஆய்வேட்டில் இலக்கிய மீளாய்வை இரண்டு இயல்களாகப் பிரித்த இரவில், "இயல் 3" என்றிருந்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி "இயல் 4" ஆக்கினேன். தடித்த அட்டை போட்டுக் கட்டி வாங்கிய பின்னர்தான், அடிக்குறிப்புகளில் நான்கு இடங்களைத் தவறவிட்டது தெரிந்தது.

இந்தத் தேவை கணினியோடு வந்ததன்று. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூல் படித்தவர்களுக்கு, அதன் பாயிரம் எண்ணும் 32 உத்திகளில் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்னும் இரண்டும் நினைவிருக்கும். பின்னர்ச் சொல்வோம் என்று முன்னோக்கிச் சுட்டுவது ஒன்று. முன்னரே சொன்னோம் என்று பின்னோக்கிச் சுட்டுவது மற்றொன்று. நாம் குறுக்குச் சுட்டு என்று அழைப்பதும் இவ்விரண்டையும்தான். இலக்கத்தைக் கவனிக்கும் வேலையை மட்டும் மென்பொருளிடம் விட்டுவிடுகிறோம்.

முதற்படி: தலைப்பைத் தலைப்பாக்குதல்

தொடக்கநிலையில் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியுமே தவிர, மைக்ரோசொஃப்ட் வேர்ட் அதைச் சாதாரணப் பந்தியாகவே எண்ணும். இயலின் பெயரில் சுட்டியை வைத்து, ஹோம் பட்டியிலுள்ள 'ஹெடிங் 1' பாணியைக் கொடுங்கள். உட்பிரிவுகளுக்கு 'ஹெடிங் 2'. பின்னர் அதே பட்டியில் 'மல்டிலெவல் லிஸ்ட்' என்பதைத் திறந்து, ஹெடிங் பாணிகளோடு இணைந்த எண் வரிசை ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். இலக்கத்துக்கு முன்னால் 'இயல்' என்ற சொல் வரவேண்டுமாயின், புதிய பட்டியலை வரையறுக்கும் பெட்டியில், எண் வடிவம் காட்டப்படும் இடத்தில் அச்சொல்லைச் சேர்த்துவிடலாம்.

இரண்டாம் படி: சுட்டைச் செருகுதல்

சுட்டு வரவேண்டிய இடத்தில் நின்று, 'றெஃபரன்சஸ்' பட்டியிலுள்ள 'கிறொஸ் றெஃபரன்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். திறக்கும் பெட்டியில் சுட்டின் வகையாக 'ஹெடிங்' என்பதையும், செருகவேண்டியதாக 'ஹெடிங் நம்பர்' என்பதையும் தெரிவுசெய்து, கீழேயுள்ள பட்டியலில் உரிய இயலைத் தொட்டு 'இன்சேர்ட்' கொடுங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால் முதற்படி சரியாக நடக்கவில்லை என்று பொருள். தலைப்பின் எண்ணிலேயே 'இயல்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் சுட்டும் "இயல் 3" என்றே வந்து விழும்; ஆகவே முன்னால் நீங்களும் 'இயல்' என்று எழுதினால் "இயல் இயல் 3" ஆகிவிடும்.

மூன்றாம் படி: வேற்றுமை உருபு

ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இது இராது, ஏனெனில் இது தமிழின் சிக்கல். செருகப்பட்ட சுட்டு ஒரு புலம் (ஃபீல்ட்), அதாவது மென்பொருளே நிரப்பும் இடம். அதைச் சொடுக்கினால் சாம்பல் நிறம் காட்டும். 'இல்', 'ஐ', 'உக்கு' போன்ற உருபுகளை அந்தச் சாம்பல் நிறத்துக்குள் எழுதினால் அடுத்த புதுப்பித்தலில் அவை அழிந்துபோகும். சுட்டைச் செருகி முடித்து, வலப்புற அம்பு விசையால் புலத்தை விட்டு வெளியே வந்த பின்னரே உருபைச் சேர்க்கவேண்டும். "மூன்றாம் இயலில்" என்று சொல்லால் எழுதுவது காதுக்கு இனிமையாயினும், மென்பொருளால் அதை மாற்ற இயலாது. எனவே "இயல் 3இல்" என்ற வடிவத்தையே முழு ஏட்டிலும் கைக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பதிலாகத் தலைப்பின் பெயரையே செருகுவதாயின் உருபு இன்னும் தொல்லை தரும். 'நிலத்தடி நீர்' என்ற புலத்தின் பின்னால் 'இல்' சேர்த்தால் "நிலத்தடி நீர்இல்" என்றுதான் வரும். "'நிலத்தடி நீர்' என்னும் பிரிவில்" என்று எழுதிவிட்டால் புணர்ச்சிக்கே இடமில்லை. யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டெழுதுவோர் இன்னொன்றையும் எதிர்பார்க்கவேண்டும்: ஆங்கில எழுத்துருவில் உள்ள பந்திக்குள் தலைப்பின் பெயரைச் செருகினால், அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஆய்வேட்டை யுனிகோடில் தொடங்குவதே நல்லது.

நான்காம் படி: புதுப்பித்தல்

இயல்களை இடம் மாற்றியவுடன் சுட்டுகள் தாமாக மாறிவிடுவதில்லை. கன்ட்ரோல் விசையோடு 'ஏ' அழுத்தி முழுவதையும் தெரிவுசெய்து, பின்னர் எஃப் 9 விசையை அழுத்தவேண்டும். இந்தத் தெரிவில் அடிக்குறிப்புகள் அடங்குவதில்லை. ஓர் அடிக்குறிப்புக்குள் சென்று அதே இரண்டையும் மீண்டும் செய்யுங்கள். பின்னர் 'எரர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பாருங்கள். தலைப்பை முழுதாக அழித்துப் புதிதாக எழுதிய இடங்களில், சுட்டின் மூலம் காணப்படவில்லை என்ற தடித்த செய்தி அச்சொல்லோடு தொடங்கி நிற்கும். அந்தச் சுட்டை அழித்து, மீண்டும் செருகுவதைத் தவிர வேறு வழியில்லை.

லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரிலும் நடைமுறை ஏறத்தாழ இதுவே. 'இன்சேர்ட்' பட்டியில் 'கிறொஸ் றெஃபரன்ஸ்' இருக்கும். கட்டளைகளால் ஏட்டை வடிவமைக்கும் லேடெக் மென்பொருளைப் பயன்படுத்துவோர் இயலின் தலைப்புக்குப் பின்னால் 'லேபல்' கட்டளையால் ஒரு பெயரிட்டு, 'ரெஃப்' கட்டளையால் அதை அழைப்பர். கோப்பை இருமுறை தொகுத்த பின்னரும் இலக்கத்தின் இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி நின்றால், பெரும்பாலும் பெயரில் எழுத்துப்பிழை இருக்கும்.

சுட்டைச் சுற்றியுள்ள வாக்கியத்தையும் கவனியுங்கள். "(இயல் 4ஐப் பார்க்க)" என்று மட்டும் எழுதினால், அங்கே எதைத் தேடுவது என்று வாசகருக்குத் தெரியாது. "உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்னும் வழிகாட்டி அளவோடு இம்முடிவுகள் இயல் 4இல் ஒப்பிடப்படுகின்றன" என்று எழுதினால், பக்கத்தைப் புரட்டுவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிப்பார். ஒரே பக்கத்தில் நான்கைந்து சுட்டுகள் வந்தால், சுட்டைக் குறைப்பதைவிட இயல்களின் அமைப்பை மாற்றுவதைப் பற்றி யோசிப்பது பயன்தரும்.

அச்சுக் கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். கடைசியாக ஒருமுறை புதுப்பித்து, பிடிஎஃப் ஆக மாற்றி, ஒவ்வொரு சுட்டையும் சொடுக்கி அது உரிய இயலுக்குத்தான் போகிறதா என்று பார்த்த பின்னர் அந்தக் கோப்பையே கொடுங்கள்.