நகரும் பார்ட்டுக்கு வழிவிடும் வெட்டு: எதோடு இணைக்க வேண்டும்?

சாலிட்வொர்க்ஸ் போன்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில், பல பார்ட்டுகள் சேர்ந்த அசெம்பிளிக்குள் தட்டைத் திறந்து, லிவரில் இருக்கும் ரோலரின் விளிம்பை 'கன்வெர்ட் என்டிட்டீஸ்' (வேறொரு பார்ட்டின் விளிம்பை ஸ்கெட்சில், அதாவது 2டி வரைபடத்தில், நகலெடுக்கும் கட்டளை) மூலம் எடுத்து, அதைச் சுற்றி ஒரு வெட்டு போடுவது அரை நிமிட வேலை. பிறகு லிவரை இழுத்து ரீபில்ட் செய்தால் (மாடலை மறுபடி கணக்கிட வைத்தால்) வெட்டும் கூடவே நகரும். நிஜத் தட்டில் ஓட்டை நகராது. டிராயிங் எடுத்த நேரத்தில் லிவர் எங்கே நின்றதோ, அந்த இடத்து ஓட்டைதான் தயாரிப்புக்குப் போகும்.

அதனால் வெட்டை நகரும் பார்ட்டோடு இணைக்காமல், அதன் அசைவைத் தீர்மானிக்கும் அளவுகளோடு இணையுங்கள். சுழல்மையம், ஆரம், கோண எல்லை, இடைவெளி ஆகிய நான்கும் போதும்.

ஓர் உதாரணம்: ரோலர் விட்டம் 8 மி.மீ., சுழல்மையத்திலிருந்து தூரம் 60 மி.மீ., லிவர் நடுநிலையிலிருந்து இருபுறமும் 20° ஆடுகிறது. சாலிட்வொர்க்ஸில் முதலில் ஒரு ஸ்கெலிட்டன் பார்ட் (முக்கிய அளவுகளை மட்டும் வைத்திருக்கும் அடிப்படை ஃபைல்) உருவாக்குங்கள். அதில் ஒரே ஒரு ஸ்கெட்ச்: சுழல்மையம், 60 ஆரமுள்ள வில், எல்லைக் கோடுகள். அளவுகளை குளோபல் வேரியபிளாக (பெயரிட்டு ஒரே இடத்தில் மாற்றக்கூடிய அளவாக) கொடுங்கள். தட்டு, லிவர் இரண்டின் ஃபைலிலும் 'இன்சர்ட் → பார்ட்' மூலம் ஸ்கெலிட்டனைக் கொண்டுவாருங்கள். அப்போது 'அன்அப்சார்ப்ட் ஸ்கெட்ச்' (எந்த ஃபீச்சரிலும் பயன்படாத ஸ்கெட்ச்) டிக் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கெட்ச் வராது. இந்த வழியில் அசெம்பிளியைத் திறக்காமலேயே தட்டு சரியாக ரீபில்ட் ஆகும்.

தட்டில் 'சென்டர்பாயின்ட் ஆர்க் ஸ்லாட்' (வில் வடிவ நீள்துளை) வரையுங்கள். பக்கத்துக்கு 0.5 இடைவெளி விட்டால் அகலம் 9 மி.மீ. முனைகளில் 1° கூடுதலாக விட்டு ±21° வைத்தால் மையவில்லின் நீளம் சுமார் 44 மி.மீ., முனையோடு முனை வில்வழியே 53 மி.மீ. வளைவு சின்னதுதானே என்று நேர் ஸ்லாட் போட்டுவிடாதீர்கள்: ±20°-க்கு வில்லின் நடுப்பகுதி நாணிலிருந்து 3.6 மி.மீ. விலகுகிறது. லிவருக்கு 'லிமிட் ஆங்கிள் மேட்' (பார்ட்டுகளைக் கோண எல்லைக்குள் இணைக்கும் கட்டுப்பாடு) மூலம் நடுநிலையிலிருந்து இருபுறமும் 20° எல்லை கொடுத்து, அதையும் அதே அளவுகளிலிருந்தே எடுங்கள்.

பார்ட்டின் வடிவம் சிக்கலாக இருந்தால், அதன் பாடியை (திட வடிவத்தை) சுழற்றிப் பல பிரதிகள் எடுத்து, பாடிகளைக் கூட்டவும் கழிக்கவும் உதவும் 'கம்பைன்' வழியாகத் தட்டிலிருந்து கழிக்கலாம். படியின் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். இடைவெளி சேர்த்த 9 மி.மீ. ரோலர் பாடியை 5° படியில் வைத்தால் 40°-க்கு 9 பிரதிகள். பக்கத்துப் பிரதிகளுக்கு நடுவே சுமார் 0.84 மி.மீ. உயரத்துக்கு முகடு நிற்கும். 0.5 இடைவெளியை அது தாண்டிவிடுவதால் ரோலர் முகட்டில் உரசும். 1° படிக்கு 41 பிரதிகள் வேண்டும், முகடு 0.03 மி.மீ. மட்டுமே. ஃபைல் கனமாகும், ஆனால் வெட்டு உண்மையாக இருக்கும்.

வெட்டு பார்ட்டைப் பின்தொடர வேண்டிய நேரமும் உண்டு. சென்ஸார் பிராக்கெட் எங்கே உட்காரும் என்று இன்னும் முடிவாகாத கட்டத்தில் இன்-கான்டெக்ஸ்ட் வெட்டு (அசெம்பிளிக்குள் இன்னொரு பார்ட்டின் வடிவத்திலிருந்து எடுக்கும் வெட்டு) மிக வசதியானது. முடிவானதும் 'எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸஸ்' திறந்து 'லாக் ஆல்' கொடுத்துவிடுங்கள். ஃபீச்சர் ட்ரீயில் (மாடலின் படிகளைக் காட்டும் பட்டியலில்) அம்புக்குறிக்குப் பின் நட்சத்திரம் வந்தால் பூட்டியாயிற்று, கேள்விக்குறி என்றால் மூல அசெம்பிளி திறந்தில்லை, பெருக்கல் குறி என்றால் தொடர்பு அறுந்துவிட்டது.

இன்-கான்டெக்ஸ்ட் வெட்டின் எட்ஜுக்கே பிராக்கெட்டை மேட் செய்தால் சுழற்சி உண்டாகும்: வெட்டு பிராக்கெட்டைப் பார்க்கும், பிராக்கெட் வெட்டைப் பார்க்கும். ஒவ்வொரு ரீபில்டிலும் பார்ட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதும், ரீபில்ட் குறி போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதன் அடையாளம். மேட்டை அசெம்பிளியின் பிளேனுக்கோ ஸ்கெலிட்டனுக்கோ மாற்றுங்கள். ஒரே தட்டை இரண்டு அசெம்பிளிகளில் பயன்படுத்துவதாக இருந்தாலும் இன்-கான்டெக்ஸ்ட் வேண்டாம்.

அசெம்பிளி ஃபீச்சராகப் போடும் வெட்டு வேறு வகை. ஸ்கெட்ச் அசெம்பிளி பிளேனில் இருந்தால் வெட்டு அசெம்பிளியில் அதே இடத்தில் நிற்கும், பார்ட் அதன் அடியில் நகரும். சேர்த்து வைத்துத் துளையிடும் வேலைக்கு அது பொருந்தும், அசைவுக்குப் பொருந்தாது. 'ப்ரோப்பகேட்' டிக் இல்லாவிட்டால் பார்ட் ஃபைலிலும் வெட்டு இருக்காது.

ஃப்யூஷன் மென்பொருளில் 'கம்பைன் → கட்' போடும்போது, வெட்டும் பாடி (டூல்) அழியாமல் இருக்க 'கீப் டூல்ஸ்' டிக் செய்யுங்கள். டைம்லைனில் (செய்த படிகளின் வரிசையில்) அந்த இடத்தில் டூல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வெட்டும். பார்ட்டை நகர்த்தும் ஜாயின்ட் அதற்குப் பிறகு வந்தால் வெட்டு பழைய இடத்திலேயே தங்கிவிடும். ஃப்ரீகேட் மென்பொருளில் இன்னொரு பார்ட்டின் வடிவத்தைக் கொண்டுவர 'சப்ஷேப் பைண்டர்' உண்டு. இடம் முடிவானதும் 'பைண்ட் மோட்' என்பதை 'ஃப்ரோஸன்' ஆக்குங்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பு. லிவரை -20°, 0°, +20° மூன்றிலும் நிறுத்தி 'இன்டர்ஃபியரன்ஸ் டிடெக்ஷன்' ஓட்டுங்கள். பிறகு 'மூவ் காம்பொனென்ட்'டில் 'கொலிஷன் டிடெக்ஷன்' போட்டு மெதுவாக இழுங்கள். 'ஸ்டாப் அட் கொலிஷன்' டிக் இருந்தால் முட்டும் இடத்திலேயே லிவர் நின்றுவிடும். ஒவ்வொரு நிலையிலும் கன்ட்ரோல்-கியூ (முழு ரீபில்ட்) அழுத்தி தட்டின் எடையைப் பாருங்கள். லிவரை நகர்த்தியதும் தட்டின் எடையோ ஈர்ப்புமையமோ மாறினால், எங்கோ ஒரு வெட்டு இன்னும் நகரும் பார்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.